சூரிய ஒளியைச் சிலிண்டரில் அடைத்து வைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

ஹைட்ரஜனைச் சேமிப்பது பற்றியும், அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலம் பற்றியும் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அதற்கு வந்த கேள்விகள் பலவும் 'நம் ஊருக்கு இது எந்த வகையில் பயன்படும்?' என்று நேராகக் கேட்பவையாக இருந்தன. முப்பது ஆண்டுகள் இந்தப் பகுதியிலேயே வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில சமயம் தொடர்ந்து பத்து நாள் வரைகூட வெயில் முகம் காட்டுவதில்லை. சித்திரை வெயிலில் மிச்சமாகும் மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றிச் சிலிண்டரில் அடைத்து வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் பயன்படுத்தலாமா ஐயா? (பாலக்கோடு வாசகி)

பதில்: செய்யலாம் அம்மா, ஆனால் ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம், ஏனென்றால் பின்னால் வரும் கேள்விகளுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக்கொண்டால், பத்து நாளைக்கு ஏறத்தாழ 33 யூனிட் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கியுள்ள ஆற்றலும் ஏறத்தாழ 33 யூனிட்தான். அப்படியானால் ஒரு கிலோ போதுமே என்று தோன்றும். ஆனால் எரிபொருள் மின்கலம் அதில் பாதியளவை மட்டுமே மின்சாரமாகத் தரும். மீதி வெப்பமாகப் போய்விடும். எனவே இரண்டு கிலோ வேண்டும். தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்து, அதாவது மின்சாரத்தால் உடைத்து, ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க இன்றைய கருவிகளுக்கு 50 முதல் 55 யூனிட் தேவைப்படுகிறது. ஆக, 110 யூனிட்டைப் போட்டு 33 யூனிட்டைத் திரும்ப எடுக்கிறீர்கள். உங்கள் தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும் என்றால், ஒன்பது நாள் உற்பத்தி முழுவதும் இதற்கே போய்விடும். அதே மின்சாரத்தை லித்தியம் பேட்டரியில் சேமித்தால் நூறு யூனிட்டுக்கு 85 முதல் 90 யூனிட் வரை கைக்குத் திரும்பி வரும்.

அடுத்தது இடம். சாதாரண அழுத்தத்தில் இரண்டு கிலோ ஹைட்ரஜன் 22 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள ஓர் அறையை முழுவதுமாக நிரப்பிவிடும் அளவு அது. வெல்டிங் பட்டறைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் இரும்புச் சிலிண்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வகைச் சிலிண்டர் வெறுமையாக இருக்கும்போதே ஐம்பது, அறுபது கிலோ எடை இருக்கும். அதில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தி அடைத்தாலும் கொள்ளும் ஹைட்ரஜன் ஏறத்தாழ அரைக் கிலோதான். உங்கள் சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரில் உள்ள வெப்பத்தில் இது பத்தில் ஒரு பங்கு. பத்து நாள் மழைக்கு அப்படிப்பட்ட நான்கு சிலிண்டர்களையும், அழுத்தி அடைக்கும் இயந்திரத்தையும், மின்னாற்பகுப்புக் கருவியையும், எரிபொருள் மின்கலத்தையும் ஒரு வீடு தாங்காது.

ஹைட்ரஜன் கிணறு போன்றதன்று, தொட்டி போன்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நாம் இறைத்து ஊற்றியதைத்தான் அது திருப்பித் தரும், அதிலும் கசிவு போக. பக்கத்திலேயே கம்பி வழியாகவோ பேட்டரி வழியாகவோ மின்சாரம் கிடைக்கும் இடத்தில் அந்தத் தொட்டி தேவையில்லை. மிச்சமாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிக்கே கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது.

கேள்வி: எரிபொருள் மின்கலத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது? அது பேட்டரியிலிருந்து எப்படி வேறுபடுகிறது? (அரூர் மாணவர்)

பதில்: ஆய்வகத்தில் செயல்விளக்கத்துக்கு வைத்திருந்த ஒரு மின்கலத்தைப் பலமுறை பிரித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு தகடுகள், இரண்டிலும் வாயு ஓடுவதற்கு வயலில் பாத்தி கட்டியது போன்ற வாய்க்கால்கள். நடுவே, அப்பளத்தை விட மெல்லிய ஒரு சவ்வு. அதன் இருபுறமும் கரி பூசியது போல் கறுப்பாகத் தெரியும் பூச்சில்தான் விலை உயர்ந்த பிளாட்டினம் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருக்கிறது. ஒரு பக்கம் நுழையும் ஹைட்ரஜனைப் பிளாட்டினம் புரோட்டான், எலெக்ட்ரான் என்று பிரித்துவிடும். சவ்வு புரோட்டானுக்கு மட்டும் வழிவிடும்; எலெக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில் நாம் மின்விளக்கையோ மோட்டாரையோ வைத்துவிடுகிறோம். மறுபக்கத்தில் இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். ஒரு கலம் வேலை செய்யும்போது 0.7 வோல்ட் அளவில்தான் தரும். ஆகவே நூற்றுக்கணக்கில் அடுக்கிக் கட்டுவார்கள்.

பேட்டரி தனக்குள் வைத்திருப்பதைச் செலவழித்துத் தீர்ந்துபோகும். எரிபொருள் மின்கலம் அடுப்பு மாதிரி. எரிபொருள் வந்துகொண்டிருக்கும் வரை மின்சாரம் வந்துகொண்டிருக்கும். நெருப்பில்லாத அடுப்பு என்பதுதான் அதன் அழகு. நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தவை எரிபொருள் மின்கலங்களே. அவற்றிலிருந்து வந்த தண்ணீரைத்தான் வீரர்கள் குடித்தார்கள். நம் இஸ்ரோவும் 2024 ஜனவரியில், பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுகலத்தின் இறுதி நிலையில் வைத்து ஓர் எரிபொருள் மின்கலத்தை விண்வெளியில் இயக்கிப் பார்த்தது. அது 180 வாட் மின்சாரம் தந்தது.

கேள்வி: எங்கள் மாங்கூழ் ஆலை மே மாதம் முதல் ஜூலை வரைதான் முழு மூச்சில் ஓடும். மற்ற மாதங்களில் எங்கள் சூரியத் தகடுகளின் மின்சாரம் பெரும்பாலும் எங்களுக்குப் பயன்படுவதில்லை. பல மாதம் சேமித்து வைக்க ஹைட்ரஜன்தான் ஏற்றது என்கிறார்களே? (காவேரிப்பட்டணம் ஆலை உரிமையாளர்)

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்த கேள்வி இது. நீங்கள் கேள்விப்பட்டது கொள்கை அளவில் சரியே. ஒரு பகலுக்கும் இரவுக்கும் இடையே சேமிக்க பேட்டரியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டுமென்றால், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிறைந்து ஒருமுறை மட்டும் காலியாகும் பேட்டரிக்கு யாரும் முதல் போட முடியாது. அந்த இடத்தில்தான் ஹைட்ரஜனின் பெயர் அடிபடுகிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். ஆலைக்கு நாளொன்றுக்கு 1,000 யூனிட் வீதம் 60 நாளைக்கு 60,000 யூனிட் வேண்டும் என்று கொண்டால், ஏறத்தாழ 3,600 கிலோ ஹைட்ரஜனைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன பட்டறைச் சிலிண்டர் கணக்கில் அது ஏழாயிரத்துக்கும் மேல். அதை உருவாக்கச் செலவாகும் மின்சாரம் இரண்டு லட்சம் யூனிட். இவ்வளவு வாயுவை மலிவாக வைக்க உலகம் கண்டிருக்கும் ஒரே வழி, நிலத்துக்கடியில் உப்புப் படுகையைக் கரைத்து உண்டாக்கிய குகைகள்தாம். இங்கிலாந்தின் டீஸைடில் 1972 முதலும், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1980-கள் முதலும் அப்படி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு அடியில் இருப்பதோ கருங்கல். கருங்கல்லுக்கும் ஒரு வழி தேடுகிறார்கள்: சுவீடனின் லுலேயோ நகரில் 2022-ல், பாறையைக் குடைந்து உட்புறம் எஃகுத் தகடு பதித்து, 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சோதனைச் சேமிப்பறையைத் திறந்தார்கள். குடைந்து முடித்துக் கைவிட்ட கல் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது உண்மை. ஆனால் அது ஓர் அரசோ பெருநிறுவனமோ செய்யக்கூடிய வேலை. ஓர் ஆலையின் வேலை அன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாங்கூழ் ஆலையில் ஆற்றலில் பெரும் பங்கு கொதிகலனின் நீராவிக்குத்தான் போகிறது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி அதை எரித்து நீராவி எடுப்பது, நெய்யை விற்று எண்ணெய் வாங்கும் கதை. உங்கள் வாசலில் குவியும் மாந்தோலிலிருந்தும் கழிவிலிருந்தும் சாண எரிவாயு போன்ற வாயுவை எடுத்துக் கொதிகலனுக்குக் கொடுப்பதை முதலில் பாருங்கள். மிச்சமாகும் மின்சாரத்தைக் கம்பிக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வெளிநாட்டில் ஹைட்ரஜன் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது என்று மேலாளர் சொன்னார். காருக்கே பரவலாக வராதது இதற்கு எப்படி வந்தது?

பதில்: உங்கள் மேலாளர் சொன்னது சரி. அமெரிக்காவின் பெரிய கிடங்குகளில் பல பத்தாயிரம் ஃபோர்க்லிஃப்ட்டுகள் எரிபொருள் மின்கலத்தில் ஓடுகின்றன. ஈய–அமில பேட்டரி வண்டியைச் சார்ஜ் ஏற்ற மணிக்கணக்கில் நிறுத்த வேண்டும்; மூன்று ஷிஃப்ட் ஓடும் கிடங்கில் ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று பேட்டரிகள் வாங்கி வைத்து, அவற்றை மாற்றுவதற்கென்றே தனி இடமும் ஆளும் வேண்டும். ஹைட்ரஜன் நிரப்ப சில நிமிடங்கள் போதும். வண்டி கிடங்கை விட்டு வெளியே போகாததால் ஒரே ஒரு நிரப்பு நிலையம் எல்லா வண்டிக்கும் போதுமானதாக இருக்கிறது. காருக்கு ஊர் ஊராக நிலையம் வேண்டும்.

உங்கள் வண்டியின் பின்புறத்தில் எடைக்காகவே இரும்பு வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். இல்லையென்றால் சுமையைத் தூக்கும்போது வண்டி முன்னால் கவிழும். அதனால் சேமிப்புக் கலம் கனமாக இருப்பது இங்கே குறையே அன்று. ஹைட்ரஜனை உலோகத்துக்குள் சேமிக்கும் முறைக்கு இது பொருத்தமான இடம். லாந்தனம்–நிக்கல் போன்ற சில உலோகக் கலவைகள், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல ஹைட்ரஜனைத் தம் அணுக்களுக்கிடையே வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது சூடாகும், சூடு கொடுத்தால் திருப்பித் தரும். பெரிய அழுத்தம் வேண்டாம், கசிந்தாலும் மெதுவாகவே கசியும். ஆனால் நூறு கிலோ உலோகம் ஒன்றரைக் கிலோ அளவுக்குத்தான் ஹைட்ரஜனைத் தாங்கும். காருக்கு இந்த எடை ஆகாது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஆகும். ஜெர்மனியின் 212 வகைக் கப்பல்கள் உலோகத்தில் சேமித்த ஹைட்ரஜனையும் எரிபொருள் மின்கலத்தையும் கொண்டுதான் சத்தமின்றி நீருக்கடியில் ஓடுகின்றன. திரவமாக்கிச் சேமிக்கும் வழியும் உண்டு. அதற்குச் சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அதிலேயே மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் போய்விடும் என்பதால் ராக்கெட்டுக்குத்தான் அது சரி.

கேள்வி: குடிக்கவே தண்ணீர் இல்லாத மாவட்டத்தில் தண்ணீரை உடைத்து எரிபொருள் செய்யலாமா? (பென்னாகரம் விவசாயி)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் கண்டிப்பாகத் தேவை. சுத்திகரிப்பில் கழியும் நீரையும் சேர்த்தால் அதற்கு மேலும் ஆகும். 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதற்கு வேண்டிய குறைந்தபட்ச நீர் ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல், நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் கொள்ளளவுக்கு நெருக்கமானது. நாடு முழுவதற்கும் ஓர் அணை நீர் என்பது பெரிதன்று. ஆனால் அதை எந்த ஊரிலிருந்து எடுப்பது என்பது பெரிய கேள்வி. கடலோரத்தில் கடல்நீரைச் சுத்திகரித்துச் செய்வதே முறை என்பது என் கருத்து. வறண்ட உள்மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இதைத் தொடங்கக் கூடாது.

நம் நிலத்தடி நீருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபுளோரைடு மிகுந்ததால்தான் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடோடு, குடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும் கால்சியமும் மக்னீசியமும் நம் நீரில் உண்டு. நான் வேலை பார்த்த கல்லூரியில், தண்ணீரைப் பிரிக்கவும் மீண்டும் மின்சாரம் தரவும் வல்ல சிறு செயல்விளக்கக் கருவி ஒன்றைப் பெரும்பாடுபட்டு வாங்கினோம். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோன ஒரு நாளில், நல்லெண்ணத்தோடுதான், ஒரு மாணவர் குழாயில் பிடித்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிவிட்டார். அன்று குமிழிகள் வந்தன. அடுத்த வாரம் பாதியாகக் குறைந்தன. அந்த மாதம் முடிவதற்குள் கருவி நின்றுவிட்டது. சவ்வில் புரோட்டான் உட்கார்ந்து உட்கார்ந்து கடந்து போக வேண்டிய இடங்களை எல்லாம் கால்சியம் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் முன்கூட்டியே எச்சரித்து எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு எந்த வகுப்பிலும் தண்ணீரின் தரத்தைச் சொல்லாமல் மின்னாற்பகுப்பை நான் நடத்தியதில்லை.

கேள்வி: ஹைட்ரஜன் வெடிக்காதா? (கிருஷ்ணகிரி, காரிமங்கலம், ஊத்தங்கரை எனப் பல ஊர் வாசகர்கள்)

பதில்: வெடிக்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது தீப்பற்றும். சமையல் எரிவாயுவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 2 முதல் 10 சதவீதம்தான். ஹைட்ரஜனைப் பற்றவைக்கச் சமையல் வாயுவுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குப் பொறி போதும். பகலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்க ராக்கெட் தளங்களில் முன்பு தொழிலாளர்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். துடைப்பம் பற்றினால் அங்கே கசிவு எரிகிறது என்று பொருள். வாசனைப் பொருளும் கலக்க முடியாது, கந்தகம் கலந்த அவ்வாசனை எரிபொருள் மின்கலத்தின் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும்.

அதற்கு உள்ள ஒரே நல்ல குணம், காற்றை விடப் பதினான்கு மடங்கு இலேசானது என்பது. சமையல் வாயு தரையில் தவழ்ந்து தங்கும். ஹைட்ரஜன் நேராக மேலே ஏறிக் கலைந்துவிடும். ஆகவே திறந்த வெளியில் ஆபத்து குறைவு. கூரைக்கடியில் வழியின்றி அடைந்தால் மிகுதி. 2019-ல் நார்வேயில் ஒரு நிரப்பு நிலையம் வெடித்ததற்குக் காரணம், ஓர் இணைப்பின் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டதுதான். உயிரிழப்பு இல்லை, ஆனால் பாடம் பெரிது.

நம் வீடுகளிலேயே ஹைட்ரஜன் உண்டு என்பதைப் பலர் உணர்வதில்லை. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் ஈய–அமில பேட்டரி, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. அந்த மூலையில் கதவு போட்டு அடைக்காதீர்கள், மேற்பக்கம் காற்றுப் போக்கு வையுங்கள், அதன் பக்கத்தில் சாமி விளக்கு ஏற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டு லாரி வைத்திருக்கிறேன். சென்னைக்கும் சேலத்துக்கும் ஓடுகின்றன. அடுத்த வண்டியை டீசலில் வாங்குவதா, ஹைட்ரஜனுக்குக் காத்திருப்பதா? (கிருஷ்ணகிரி)

பதில்: காத்திருக்க வேண்டாம் தம்பி. சுவிட்சர்லாந்தில் 2020 முதல் ஓடும் எரிபொருள் மின்கல லாரிகள் ஏறத்தாழ 31 கிலோ ஹைட்ரஜனில் 400 கிலோமீட்டர் போகின்றன. நம் நாட்டில் 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு 37 வண்டிகளையும் 9 நிரப்பு நிலையங்களையும் கொண்டு பத்து வழித்தடங்களில் சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றில் 15 எரிபொருள் மின்கல வண்டிகள், 22 ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரிப்பவை. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம்–கொச்சித் தடம் அதில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சாலையில் நிரப்ப நிலையம் இல்லாதவரை வண்டி வாங்கி என்ன செய்வது?

ஆனால் கவனித்துக்கொண்டே இருங்கள். எரிபொருள் மின்கல லாரியில் சிறு பேட்டரியும் இருக்கும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக்கில் சூடாகி வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை அது மின்சாரமாகப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கும் சுமை குறையும். அந்தச் சரிவில் நடந்த விபத்துகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது சிறிய பயனாகத் தோன்றவில்லை.

கேள்வி: பைக்கில் பொருத்தினால் தண்ணீரிலிருந்து வாயு எடுத்து பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று சொல்லி ஒரு கருவியை விற்றார்கள். வாங்கிப் பொருத்தினேன். மைலேஜ் கூடவில்லை. நான் பொருத்தியதில் தவறா? (மத்தூர்)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் உங்கள் பைக்கின் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறது. பிரிக்கச் செலவழித்ததை விடக் குறைவாகத்தான் அந்த வாயு திருப்பித் தரும். தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரை அதே தொட்டிக்கே இறைப்பது போன்றது இது. கழற்றிவிடுங்கள், ரசீது இருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதேனும் உண்டா ஐயா? (தருமபுரி, பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: உண்டு, இந்தத் துறையின் பிறப்பையே நீ பார்க்கலாம். இரண்டு பென்சில்களை இருமுனையும் சீவிக்கொள். ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரை. உப்பைப் போடாதே, குளோரின் நச்சு வாயு வரும். பென்சில்களை ஒன்றையொன்று தொடாமல் நீரில் நிறுத்தி, மேல்முனைகளை 9 வோல்ட் பேட்டரியோடு கம்பியால் இணை. பேட்டரியின் எதிர்மின் (−) முனையோடு இணைந்த பென்சிலைச் சுற்றிக் குமிழிகள் அதிகமாக வரும், அதுதான் ஹைட்ரஜன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். வாயுவைப் பாட்டிலில் அடைத்துச் சேர்க்காதே. பக்கத்தில் தீக்குச்சி வேண்டாம்.

ஐந்து நிமிடம் கழித்துப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு கம்பிகளையும் ஒரு மல்டிமீட்டரில் இணைத்துப் பார். முள்ளோ எண்ணோ ஒரு வோல்ட்டுக்கு மேலே காட்டி, மெல்ல மெல்ல இறங்கும். பென்சில் கரியில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மீண்டும் தண்ணீராகிக்கொண்டே உனக்கு மின்சாரம் தருகின்றன. 1839-ல் வில்லியம் குரோவ் பிளாட்டினத் தகடுகளை வைத்துக் கண்டது இதைத்தான். எத்தனை நொடியில் பாதியாக இறங்குகிறது என்று குறித்து, பென்சிலை இன்னும் ஆழமாக விட்டு இரண்டாம் முறையும் செய்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு.